கிட்டார் கழுத்துக்கு எந்த மரம்?

ஆறு கம்பிகளையும் முறுக்கிச் சுருதி சேர்த்துவிட்டால் ஒரு எலக்ட்ரிக் கிட்டாரின் கழுத்து, அதாவது நெக், ஏறத்தாழ 45 கிலோ இழுவிசையைத் தாங்கி நிற்கிறது. வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும், பெட்டியில் போட்டுப் பூட்டி வைத்தாலும் அந்த இழுவை ஓய்வதில்லை. தாங்கும் கட்டையோ மெலிந்தது. தலைப்பக்கம் 42 மில்லிமீட்டர் அகலம், உடலோடு சேரும் இடத்தில் 56. கனம் இருபதுக்கும் இருபத்தைந்துக்கும் நடுவில். அதற்குள்ளேயே இரும்புக் கம்பி ஒன்றைப் புதைக்க வாய்க்காலும் வெட்டியாக வேண்டும். நெக் அரை மில்லிமீட்டர் கூடுதலாக முன்னே வளைந்தாலே கம்பி உயர்ந்து விரல் நோகும். பின்னுக்குச் சாய்ந்தால் உலோகப் பட்டையான ஃபிரெட்டில் கம்பி உரசி இரையும்.

உடலுக்கு இவ்வளவு கவலை வேண்டியதில்லை. 1950களில் அமெரிக்காவின் டேன்எலெக்ட்ரோ நிறுவனம் மரச்சட்டத்தின் மேல் மேசனைட் அட்டையை ஒட்டிக் கிட்டார் விற்றது. அவற்றைத் தேடி வாங்குவோர் இன்றும் இருக்கிறார்கள். நெக்கில் அந்தத் தாராளம் செல்லாது. அவிநாசியிலோ திருப்பூரிலோ ஒருவர் தனக்கென்று ஒரு கிட்டார் கட்டத் துணிந்தால் முதலில் மண்டையை உடைத்துக்கொள்வது இங்கேதான். புத்தகங்களும் வீடியோக்களும் மேப்பிள் என்கின்றன, ஹோண்டுராஸ் மகாகனி என்கின்றன. ஊர் மரக்கடையில் இருப்பது தேக்கு, வேங்கை, பலா, வேம்பு. வெளிநாட்டுக் கட்டைக்குக் காசு கட்டுவதா, உள்ளூர்க் கட்டையை நம்புவதா?

நம்பலாம் என்பதே இக்கட்டுரையின் முடிவு. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. மரத்தின் பெயர் பார்த்து வாங்கும் பழக்கத்தை விட்டு, அறுப்பும் உலர்ச்சியும் பார்த்து வாங்கப் பழக வேண்டும்.

மேப்பிளும் மகாகனியும் எப்படிக் கிட்டாரின் மரங்களாயின என்று பார்த்தால், ஒலியைவிடத் தொழிற்சாலையின் வசதியே கண்ணில் படுகிறது. லியோ ஃபெண்டர் 1950இல் கொண்டுவந்த கிட்டாரின் நெக் ஒரே துண்டு மேப்பிள். விரல் பதியும் பலகையான ஃபிங்கர்போர்டுக்கென்று தனி மரம் இல்லை. கட்டையின் முகத்திலேயே ஃபிரெட் அடித்தார்கள். தலை சாயாமல் நேராக இருந்ததால் ஒரு அங்குலப் பலகையே போதுமானதாக இருந்தது. நான்கு திருகாணியில் கழற்றி மாட்டலாம். மேப்பிள் கெட்டியான மரம் என்ற நம்பிக்கையில் அவரது தொடக்கக்கால எஸ்குயர் கிட்டார்களில் இரும்புக் கம்பி வைக்கவில்லை. நெக் வளைந்தது, கம்பியும் வந்தது. வளைவைத் திருகித் திருத்தும் அந்த டிரஸ் ராடு புதிய சரக்கும் இல்லை. கிப்சன் தொழிற்சாலையில் வேலை பார்த்த டெட் மெக்ஹியூ அதற்கான காப்புரிமையை 1923லேயே பெற்றிருந்தார்.

கிப்சன் பக்கத்தில் மகாகனி வழக்கமாயிற்று. இழைக்க எளிது, இலேசு, ஈரம் ஏறி இறங்கினாலும் பெரிதாக அசையாது. ஆனால் கிப்சனின் தலை 17 பாகை பின்னுக்குச் சாய்ந்தது. ஒரே கட்டையிலிருந்து அந்தச் சாய்வை வெட்டியெடுக்கும்போது மரத்தின் நார் அந்த இடத்தில் குறுக்கே அறுபட்டு நிற்கும். மேடையில் கிட்டார் சாய்ந்து விழுந்தால் ஒடிவது பெரும்பாலும் அங்கேதான். பழுதுபார்க்கும் கடைகளுக்கு இது நாளாந்த வேலை. புகழ்பெற்ற மரமே ஆனாலும் தவறான போக்கில் வெட்டினால் காப்பாற்றாது என்பதற்கு இதைவிட வெளிப்படையான சான்று தேவையில்லை.

இதே சிக்கலைத் தஞ்சாவூர் வேறு வழியில் தீர்த்து வைத்திருக்கிறது. வீணையின் தண்டி பலாமரம், உள்ளே குடைந்தது. இருபத்துநான்கு வெண்கல மெட்டுகளும் மரத்தில் அடிக்கப்படுவதில்லை. தேன்மெழுகும் கரித்தூளும் கலந்து கட்டிய மேடையில் பதிக்கப்படுகின்றன. ஆண்டுகள் போகப்போகத் தண்டி கம்பியின் இழுவைக்குக் கொஞ்சம் இணங்கும், மெழுகும் தளரும். அப்போது வித்வான் வீணையை ஆசாரியிடம் கொடுப்பார். அவர் மெழுகை இளக்கி, ஒவ்வொரு மெட்டையும் காதால் கேட்டுச் சுருதி பார்த்து மறுபடி நிறுத்துவார். மேளம் கட்டுவது என்று அந்த வேலைக்குப் பெயர். மரம் அசையும் என்பதை ஒப்புக்கொண்டு, அசைந்த பின் திருத்திக்கொள்ளும் ஏற்பாடு அது. தஞ்சாவூர் வீணைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பலா ஒரு நரம்புக் கருவியின் தண்டியாக நின்று காட்டியிருப்பதற்கு அந்த வீணையைவிடப் பெரிய சாட்சி வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

கிட்டாரில் ஃபிரெட்டுகள் மரத்தில் இறுகிவிட்டவை. ஒவ்வொன்றாக நகர்த்தித் திருத்த வழியில்லை. இடைவெளிகள் 648 மில்லிமீட்டர் கம்பி நீளத்துக்குக் கணக்கிட்டு வெட்டப்பட்டவை. எனவே அசைவை முன்கூட்டியே குறைக்க வேண்டும், மிச்சத்தை டிரஸ் ராடு பார்த்துக்கொள்ளும். மரத்தேர்வு என்பது உண்மையில் இந்த அசைவைப் பற்றிய கணக்கு.

இரண்டு அசைவுகள். ஒன்று, இழுவையால் வளைவது. மற்றது, ஈரத்தால் ஊதிச் சுருங்குவது. வளைவதை முதலில் எடுத்துக்கொண்டால், மேப்பிளின் விறைப்பு 12.6 ஜிகாபாஸ்கல், மகாகனி 10, தேக்கு 12.3, ஈட்டி (ரோஸ்வுட்) 11.5 என்பவை வழக்கமாகத் தரப்படும் சராசரிகள். தேக்கு மேப்பிளுக்குத் தோள் கொடுத்து நிற்கிறது. மகாகனி ஐந்தில் ஒரு பங்கு தளர்வு. பெரிய வித்தியாசம் போலத் தெரியும். ஆனால் ஒரு கட்டையின் விறைப்பு அதன் கனத்தின் முப்படியாக ஏறுகிறது. இருபது மில்லிமீட்டர் நெக்கை இருபத்திரண்டாக வைத்தால் விறைப்பு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். மேப்பிளுக்கும் மகாகனிக்கும் உள்ள முழு இடைவெளியையும் இரண்டு மில்லிமீட்டர் கனம் தாண்டிவிடுகிறது. மெலிந்த நெக்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவருக்கு மரத்தின் பெயர் முக்கியம். கையில் நிறையப் பிடிபடும் நெக்கை விரும்புபவருக்கு அவ்வளவு முக்கியமில்லை.

ஈரத்தின் கணக்கு இதைவிடக் கடுமையானது. திருப்பூர்ப் பின்னலாடை வட்டாரத்துக்கு இது புதிய பாடமும் இல்லை. பருத்திக்கு 8.5 விழுக்காடு ஈரம் என்பது வணிகக் கணக்கு. நூற்பாலைகளில் காற்றின் ஈரத்தைக் கட்டுப்படுத்தத் தனி இயந்திரமே ஓடுகிறது, காற்று உலர்ந்தால் நூல் அறும் என்பதால். மரமும் அதே செல்லுலோஸ். காற்றில் 65 விழுக்காடு ஈரப்பதம் இருந்தால் மரம் தன் எடையில் ஏறத்தாழ 12 விழுக்காடு நீரை வைத்துக்கொள்ளும். காற்று 30 விழுக்காட்டுக்கு இறங்கினால் அது ஆறாகும், 80க்கு ஏறினால் பதினாறாகும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் இருக்கும் அவிநாசியில் பங்குனி, சித்திரையின் உலர்ந்த வெயில், ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழி வரும் காற்று, ஐப்பசி அடைமழை என்று ஒரே ஆண்டில் மரம் இந்த ஏற்ற இறக்கம் அத்தனையும் காண்கிறது. இதற்கிடையே ஏசி அறையில் ஒரு வாரம், சென்னைக் கச்சேரிக்கு ஒரு பயணம்.

பச்சைமரம் முழுதும் உலரும்போது வளையங்களை ஒட்டிய திசையில் மேப்பிள் 9.9 விழுக்காடு சுருங்குகிறது, மகாகனி 4.3, தேக்கு 5.3, ஈட்டி 5.9. நடுவிலிருந்து வெளிநோக்கிய திசையில் பார்த்தால் மேப்பிள் 4.8, மகாகனி 2.9, தேக்கு 2.6, ஈட்டி 2.7. இந்த இரண்டு வரிசைகளையும் ஒப்பிட்டால்தான் விஷயம் விளங்கும். ஒரே மரம், அறுத்த விதத்தில் பாதி அசைவாகிவிடுகிறது. ஈட்டி ஃபிங்கர்போர்டு ஒன்றில் ஈரம் 12இலிருந்து 8க்கு இறங்கினால், 56 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு அறுப்புக்கு 0.44 மில்லிமீட்டர் சுருங்கும், மற்றொரு அறுப்புக்கு 0.2. முதல் கட்டையில் ஃபிரெட் முனைகள் இரு பக்கமும் வெளியே துருத்திக்கொண்டு உள்ளங்கையைக் கீறும். இரண்டாவதில் விரலுக்கே தெரியாது. உலகம் கொண்டாடும் மேப்பிள்தான் இந்தப் பட்டியலில் அதிகம் அசைகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். ஈரம் நிலையாக இருக்கும் இடத்தில் அது அரசன். கொங்கு நாட்டு வெயிலுக்கும் மழைக்கும் தேக்கு அதைவிட அமைதியான மரம்.

அப்படியானால் ஒலி? கிட்டார் வாசிப்பவர்கள் இதைக் கேட்காமல் விடமாட்டார்கள். எலக்ட்ரிக் கிட்டாரில் காதுக்கு வருவது கம்பியின் அசைவை மின்காந்தம் பிடித்துக் கொடுப்பது. மரம் அதில் நேரடியாகப் பேசுவதில்லை. கம்பியின் ஆற்றலை எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதில்தான் அதன் பங்கு. ஜெர்மனியின் ஹெல்முட் ஃப்ளைஷர் இதை அளந்தார். நெக்குக்கென்று சில இயல்பு அதிர்வெண்கள் உண்டு. வாசிக்கும் சுரம் அதில் ஒன்றோடு பொருந்திவிட்டால் கம்பியின் ஆற்றல் நெக்குக்குள் வடிந்து அந்தச் சுரம் மட்டும் சட்டென்று செத்துப்போகும். பாரிஸில் ஆர்தர் பாத்தேயும் அவரோடு சேர்ந்தவர்களும் கருங்காலி, ஈட்டி ஃபிங்கர்போர்டுகளை ஒப்பிட்டு, இந்த வடிகாலில் வேறுபாடு இருப்பதைக் காட்டினார்கள். ஆக மரத்துக்குப் பங்கே இல்லை என்பதும் தவறு.

ஆனால் அந்தப் பங்கு மரத்தின் இனப்பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறதா? அக்குஸ்டிக் கிட்டாரில் செய்த ஒரு சோதனை இங்கே பயன்படும். இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தினர், பின்பலகை மரம் மட்டும் வேறுபட்ட ஆறு கிட்டார்களை 52 கலைஞர்களிடம் மங்கலான வெளிச்சத்தில் கண்மறைப்போடு கொடுத்தார்கள். 2018இல் வெளியான முடிவின்படி விலையுயர்ந்த மரத்துக்கும் மலிந்த மரத்துக்கும் இடையே அவர்கள் தரம் பிரித்துவிடவில்லை. பலகை முழுதும் ஒலிக்கும் கருவியிலேயே இப்படியென்றால், மின்காந்தம் கேட்கும் கருவியில் ‘மேப்பிள் ஒலி’, ‘மகாகனி ஒலி’ என்று பெயர் சொல்லி விற்பதை எச்சரிக்கையோடு கேட்பதே நல்லது. செத்த சுரம் எங்கே விழும் என்பதை அந்தக் குறிப்பிட்ட கட்டையின் எடையும் விறைப்பும் தலையின் கனமும் தீர்மானிக்கின்றன. ஒரே மரத்தில் அறுத்த இரண்டு பலகைகளே வேறுபடும்.

இனி ஊர் மரங்கள். தேக்கைப் பற்றி இரண்டு குறைகளைச் சொல்லியாக வேண்டும். அதன் நாரில் மணல்சத்து உண்டு. உளியும் ரவுட்டர் பிட்டும் சீக்கிரம் மழுங்கும். எண்ணெய்ப்பசையும் உண்டு, இழைத்து இரண்டு நாள் கழித்து ஒட்டினால் ஒட்டு நிற்காது. ஒட்டுவதற்குச் சற்றுமுன் தின்னரால் துடைத்து, புதிதாக இழைத்த முகத்தில் ஒட்டினால் சிக்கல் தீரும். மற்றபடி நெக்குக்கு வேண்டிய எல்லாம் தேக்கில் இருக்கிறது. கன மீட்டருக்கு 655 கிலோ என்பது மேப்பிளின் 705ஐ விடவும் இலேசு. தலை கனத்துக் கிட்டார் கீழே சாயாது. இன்னொன்று, தேக்கு பழையதாகக் கிடைக்கும். செட்டிநாட்டு வீடுகள் பிரிக்கப்படும்போது வெளிவரும் பர்மா தேக்கு உத்தரங்கள், நூறாண்டு வெயிலும் மழையும் பார்த்து அசைந்து முடித்தவை. அவற்றை வாங்குபவர் காந்தத்தால் ஆணி தேட வேண்டும், உளுத்த துளை இருக்கிறதா என்று முனையை அறுத்துப் பார்க்க வேண்டும். நாதஸ்வரம் செய்யும் நரசிங்கன்பேட்டை ஆசாரிகள் இதே காரணத்துக்காகத்தான் பழைய வீட்டு ஆச்சா மரத்தைத் தேடுகிறார்கள். ஆச்சா இந்திய மரங்களில் மிகக் கனமானவற்றுள் ஒன்று. முழு நெக்குக்கு ஆகாது; ஆறு மில்லிமீட்டர் ஃபிங்கர்போர்டாக அறுத்தால் ஃபிரெட்டின் காலைக் கவ்விப் பிடிக்கும்.

பலாவுக்கு வீணையே சிபாரிசு. அறுத்த புதிதில் பளிச்சென்ற மஞ்சள், ஆண்டுகளில் பழுப்பாக முற்றும். ஆனால் வீணைத் தண்டி நெக்கைவிடத் தடிமன். கிட்டாருக்கு மெலிக்கும்போது பலாவை ஒற்றைத் துண்டாக விடாமல் மூன்று பட்டைகளாக அறுத்து, நடுப்பட்டையைத் திருப்பிப் போட்டு ஒட்டினால் ஒன்றின் முறுக்கை மற்றது தடுக்கும்.

மகாகனி இப்போது உள்ளூர் மரமாகிவிட்டது. தமிழக விவசாயிகள் தோட்டத்து வரப்புகளில் நட்டிருப்பது அதே ஹோண்டுராஸ் மகாகனி இனம்தான். அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தில் அதற்கு 2003 முதல் உள்ள கட்டுப்பாடு மத்திய, தென் அமெரிக்கக் காடுகளில் விளைந்த மரத்துக்கு மட்டும். ஃபிஜித் தீவில் நட்ட மகாகனி கிட்டார்த் தொழிலுக்குப் போயிருக்கிறது; அவிநாசித் தோட்டத்து மரம் போகாததற்குத் தடையேதும் இல்லை. வயதைத்தான் பார்க்க வேண்டும். தண்ணீர் பாய்ச்சி வேகமாக வளர்த்த பதினைந்து வயது மரத்தில் வைரம் சிறியது, வெளிவெள்ளை பெரியது. வைரம் பாய்ந்த பகுதியில் மட்டும் நெக் எடுத்தால் ஒரு மரத்தில் சில கட்டைகளே தேறும். மேட்டுப்பாளையம் வனக்கல்லூரி வழியாகப் பரவிய மலைவேம்பும் இதே தோட்டங்களில் நிற்கிறது. பிளைவுட்டுக்கு நல்ல மரம் அது. நெக்குக்கு வேண்டாம், மிக மென்மை. சிதார் செய்பவர்கள் பயன்படுத்தும் தூன் மரமும், அதாவது நம் சந்தனவேம்பும், உடலுக்கு அருமையானது, நெக்குக்குத் தளர்வு.

யாரும் மதிக்காத ஒரு மரத்துக்காக வாதாட வேண்டியிருக்கிறது. சீமைக் கருவேல். அவிநாசியைச் சுற்றி ஏரிக்கரையிலும் தரிசிலும் முளைத்து, வெட்டுபட்டு, கரியாகி லாரி ஏறும் மரம். அதன் அமெரிக்க உறவான மெஸ்கீட், சுருக்கம் மிகக் குறைந்த மரங்களில் ஒன்று: ஒரு திசையில் 1.6, மறு திசையில் 3.2 விழுக்காடு. டெக்சாஸில் அதைக் கிட்டாருக்கு எடுத்து வேலை செய்கிறார்கள். கோணல்மாணலாக வளர்வதால் எழுபது சென்டிமீட்டர் நேர்க்கட்டை கிடைப்பது கடினம். ஆனால் ஃபிங்கர்போர்டுக்கு ஐம்பது சென்டிமீட்டர் நீளமும் அறுபது மில்லிமீட்டர் அகலமும் இருந்தால் போதும். முற்றிய அடிமரத்தில் அது கிடைக்கும். கரிச்சூளைக்குப் போகும் கட்டையிலிருந்து நல்ல துண்டுகளைப் பிரித்து இரண்டு ஆண்டு நிழலில் அடுக்கி வைக்கிற ஒருவர் இந்த வட்டாரத்தில் தோன்றினால், ஈட்டிக்கு மாற்று இங்கேயே பிறந்துவிடும்.

ஈட்டியின் கதை மரத்தோடு சட்டத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டியது. தோதகத்தி என்றும் பெயருள்ள இந்த மரம் நீலகிரி, ஆனைமலைச் சரிவுகளின் செல்வம். உலகத்துக் கிட்டார் ஃபிங்கர்போர்டுகளில் பெரும்பங்கு தென்னிந்திய ஈட்டி. பிரேசில் ஈட்டிக்கு 1992இல் முழுத்தடை வந்தபின் அந்த இடத்தைப் பெரிதும் நிரப்பியது இதுதான். 1969 ஜனவரி 30ஆம் தேதி லண்டன் மொட்டைமாடியில் பீட்டில்ஸ் கடைசியாகப் பொதுவெளியில் வாசித்தபோது ஜார்ஜ் ஹாரிசன் கையில் இருந்த ஃபெண்டர் டெலிகாஸ்டர், உடலும் நெக்கும் ஈட்டியாலேயே ஆனது. தமிழ்நாட்டிலோ 1994ஆம் ஆண்டின் ஈட்டிமரப் பாதுகாப்புச் சட்டம் பட்டா நிலத்து மரத்தை வெட்டவும் அரசின் அனுமதி வேண்டும் என்றது. 2011 ஆகஸ்டில் அமெரிக்க அரசு அதிகாரிகள் கிப்சன் தொழிற்சாலைகளைச் சோதனையிட்டுப் பறிமுதல் செய்தவற்றில் இந்தியாவிலிருந்து போன ஈட்டி, கருங்காலிப் பட்டைகள் இருந்தன. முழுமையாகச் செய்து முடிக்காத பலகையை இந்தியா ஏற்றுமதி செய்ய விடுகிறதா என்பது வழக்கின் ஒரு முடிச்சு. மடகாஸ்கர் கருங்காலி தொடர்பான முந்தைய வழக்கையும் சேர்த்து 2012இல் கிப்சன் மூன்று லட்சம் டாலர் அபராதத்துக்கு ஒப்புக்கொண்டது; இந்திய மரம் திரும்பக் கிடைத்தது. 2017 ஜனவரி 2 முதல் ஈட்டிப் பேரினம் முழுதும் சைட்டீஸ் இரண்டாம் பட்டியலுக்குப் போனதும் ஃபெண்டர் தன் மெக்சிகோ கிட்டார்களைப் பாவ் ஃபெரோ என்ற மரத்துக்கு மாற்றியது. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பர் 26 முதல் விலக்கு வந்தது.

அவிநாசியில் ஒற்றைக் கிட்டார் கட்டுபவருக்கு இதில் உள்ள பாடம் எளியது: ரசீது. மரம் கொண்டுபோகும் அனுமதிச்சீட்டு 1968ஆம் ஆண்டு விதிகள் முதல் நடைமுறையில் உள்ளது. வனத்துறைக் கிடங்கு ஏலத்தில் எடுத்த கட்டையா, பழைய மேசையிலிருந்து அறுத்ததா என்று கடைக்காரர் தாளில் சொல்லட்டும். அந்தக் கிட்டார் ஒருநாள் துபாய்க்கோ டொராண்டோவுக்கோ பறந்தால் அந்தத் தாள்தான் பேசும். கருங்காலி என்று விற்பதிலும் கவனம் வேண்டும். கருங்காலி மாலை மோகம் வந்த பிறகு கறுப்புச் சாயம் ஏற்றிய எந்தக் கட்டையும் அந்தப் பெயரில் கடைக்கு வருகிறது. நனைத்த வெள்ளைத் துணியை மணிக்கணக்கில் சுற்றி வைத்தால் சாயம் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

வாங்கும் அளவைக் கணக்கிட்டால் ஆச்சரியமாக இருக்கும். நேர்த்தலை நெக்குக்கு 28 அங்குல நீளம், 4 அங்குல அகலம், ஒரு அங்குலக் கனம் போதும். அதாவது ஒரு கன அடியில் பதினைந்தில் ஒரு பங்கு. கிட்டாரின் மொத்தச் செலவில் பிக்கப்பும் சுருதிக்குமிழ்களும் எடுப்பதில் ஒரு சிறு பகுதியே மரத்துக்குப் போகிறது. ஆகவே கடையில் கிடக்கும் முதல் பலகையை எடுத்து வருவதற்கு நியாயமே இல்லை. பத்துப் பலகையைப் புரட்டி ஒன்றைத் தேர்ந்தால் தகும்.

தேர்வில் முதலில் பார்க்க வேண்டியது நார் போக்கு. பலகையின் முகத்தில் தெரியும் ரேகை நேராக இருந்தால் நாரும் நேர் என்று நினைத்துவிடக்கூடாது. முனையில் ஒரு சிறு துண்டை அறுத்து உளி வைத்துப் பிளந்தால் பிளவு எந்தத் திசையில் ஓடுகிறதோ அதுவே உண்மை நார். பலகையின் விளிம்போடு அது ஒத்துப்போனால் பலகை தேறியது. குறுக்கே ஓடினால், எவ்வளவு அழகான தேக்கானாலும் கதவுக்குக் கொடுத்துவிடலாம். அடுத்தது வளையங்களின் நிலை. பலகையின் முனையைப் பார்த்தால் ரேகைகள் செங்குத்தாக நிற்க வேண்டும். அறுவை மில்லில் மரத்தை அடுக்கடுக்காகச் சீவினால் நடுப்பலகைகளில் மட்டுமே அப்படி நிற்கும். கதவுநிலை வாங்க வருபவர்கள் கண்ணைக் கவரும் கோலத்துக்காக ஓரப்பலகைகளை எடுத்துப் போவார்கள். நெக் தேடுபவருக்கு வேண்டியவை மற்றவர் விட்டுச் செல்பவை. ஃபெண்டரின் பெரும்பாலான நெக்குகள் படுக்கை ரேகையில் வெட்டப்பட்டவைதானே என்று கேட்கலாம். உண்மை. நார் நேராக இருந்ததால் அவை நின்றன. இரண்டில் ஒன்றைத்தான் பெற முடியும் என்றால் நேர் நாரையே எடுக்க வேண்டும்.

பிறகு உலர்ச்சி. ஒரு அங்குலக் கனத்துக்கு ஓராண்டு நிழல் என்பது மரவேலைக்காரர்கள் கைக்கொள்ளும் பொதுக்கணக்கு. சூளையில் உலர்த்தியது என்று சொல்லி விற்கும் பலகையையும் ஈரப்பத மானியால் குத்திப் பார்க்க வேண்டும். 8இலிருந்து 10 விழுக்காட்டுக்குள் இருந்தால் வேலை தொடங்கலாம். தொடங்குவதும் ஒரே மூச்சில் கூடாது. வேண்டியதைவிட ஐந்து மில்லிமீட்டர் கூடுதலாக வெட்டி, சில வாரம் வேலை நடக்கும் அறையிலேயே கிடத்தினால், உள்ளே அடங்கியிருந்த இறுக்கம் அவிழ்ந்து கட்டை தன் குணத்தைக் காட்டிவிடும். அப்போது வளைந்தால் மறுபடி இழைத்து நேராக்கலாம். ஃபிரெட் அடித்த பிறகு வளைந்தால் எல்லாம் வீண்.

இந்தப் பொறுமையும் துல்லியமும் இங்கே இல்லாதவை என்று நினைக்க வேண்டாம். கோவையின் பம்பும் மோட்டாரும் வார்ப்பிரும்பில் பிறந்தன. வார்ப்புக்கு முன் மரத்தில் பேட்டர்ன் வேண்டும். உருகிய இரும்பு ஆறிச் சுருங்கும் அளவைச் சேர்த்து, அடிக்கு எட்டில் ஒரு அங்குலம் கூடுதலான தனி அளவுகோல் வைத்துத் தேக்கைச் செதுக்கும் பேட்டர்ன் ஆசாரிகள் இந்த வட்டாரத்தில் தலைமுறைகளாக இருக்கிறார்கள். நெக்கின் பின்வளைவை டெம்ப்ளேட் வைத்து ராவுவது அவர்களுக்குப் புதிய வேலையாகாது. ஆரோவில்லில் எரிசா நியோகி பல ஆண்டுகளாகக் கையால் கிட்டார் செய்து வந்திருக்கிறார். தமிழ் மண்ணில் இந்தக் கைவேலை ஏற்கெனவே வேர் பிடித்திருக்கிறது.

செதுக்கும்போது கணக்கு இப்படி ஓடும். முதல் ஃபிரெட்டில் நெக்கின் மொத்தக் கனம் 21 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஃபிங்கர்போர்டு ஆறு போகும். இருபுறமும் வளைக்கக்கூடிய டிரஸ் ராடுக்கு ஒன்பது, பத்து மில்லிமீட்டர் ஆழ வாய்க்கால். அடியில் மிஞ்சுவது ஐந்து, ஆறு. மூன்றுக்குக் கீழே போனால் திருகும்போது கம்பி முதுகைப் பிளந்துகொண்டு வெளியே வரலாம். கர்நாடக இசை வாசிக்கிறவருக்கு இந்தக் கணக்கு இன்னும் இறுக்கம். கமகத்துக்காகக் கம்பியைப் பக்கவாட்டில் இழுப்பவர்கள் சிலர் ஃபிரெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குழித்துக்கொள்கிறார்கள். 1970களில் விக்கு விநாயக்ராம், எல். சங்கர், ஜாகிர் உசேன் ஆகியோருடன் சக்தி குழுவில் வாசித்த ஜான் மெக்லாஃப்லின், வீணையை நினைவூட்டும் அப்படியொரு ஃபிங்கர்போர்டைக் கிட்டாரில் வைத்துக்கொண்டார். குழிக்க நினைப்பவர் ஃபிங்கர்போர்டை எட்டு மில்லிமீட்டராக எடுக்க வேண்டும். மென்மையான மரம் அதற்கு ஆகாது. ஈட்டி, ஆச்சா, முற்றிய சீமைக் கருவேல் போன்றவையே தாங்கும்.

சாய்ந்த தலை வேண்டுமென்றால் ஒரே கட்டையில் வெட்டாமல், தலைத்துண்டைத் தனியாக அறுத்துச் சரிவாக ஒட்டுவது நல்லது. நாரும் தலையோடு சேர்ந்து சாயும், எளிதில் ஒடியாது, மரமும் மிச்சம். ஒட்டுக்கு வழக்கமான வெள்ளைப் பசை போதும். ஒரு எச்சரிக்கை மட்டும்: அது வெப்பத்தில் மெல்ல நெகிழும். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் கிட்டாரை வைத்துவிட்டுக் கல்யாண மண்டபத்துக்குள் போகிற ஊர் இது. எண்ணெய்ப்பசையுள்ள தேக்கும் ஈட்டியும் சேரும் இடத்தில் அரால்டைட் போன்ற எபாக்ஸி இன்னும் உறுதி.

கடைசியாகப் பூச்சு. முதுகுக்கு மெல்லிய எண்ணெய் பூசினால் கை ஒட்டாமல் ஓடும், ஆனால் ஈரத்தைத் தடுக்காது. லேக்கர் தடுக்கும், வியர்வையில் ஒட்டும். இந்த வெயிலில் தேக்கு நெக்குக்கு எண்ணெயும், மேப்பிளோ பலாவோ என்றால் லேக்கரும் பொருத்தம். எதைப் பூசினாலும் நெக்கைச் சுற்றி எல்லா முகங்களிலும் சமமாகப் பூச வேண்டும், டிரஸ் ராடு திறக்கும் வாயின் உட்புறம் உட்பட. ஒரு பக்கம் குடித்து மறுபக்கம் குடிக்காத கட்டை வளைந்தே தீரும். அதன்பின் கம்பி கட்டி, முழுச் சுருதியில் ஒரு மாதம் நிறுத்தி, வளைவை டிரஸ் ராடால் திருத்தி, கம்பியைக் கழற்றிய பிறகே ஃபிரெட்டுகளைச் சமன் செய்ய அரத்தை எடுக்க வேண்டும்.